ஆல்டர்விக் வீட்டுத் தொப்பி

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. அங்க பின்னால என்ன குசுகுசுப்பு? வாய மூடிட்டு உக்காருங்கன்னா உக்காரணும். இது நான் சொல்லுததில்ல வே, நான் சொன்னா எவன் அடங்குவான். தாடியஸ் ஆல்டர்விக் சொல்லுதாரு. எண்பத்தோரு வயசு, மூக்கால பேசுத மனுஷன், ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள்ள கொஞ்ச நேரம் ஊறப்போட்டுத்தான் வெளிய விடுவாரு: "உக்...காருங்க. பேச்ச... நிறுத்துங்க." அமெரிக்காவுல மலையும் மரமுமா ஒரு மாநிலம். அங்க கவர்னருன்னா நம்ம ஊரு மாதிரி டெல்லியிலேருந்து அனுப்பி வைக்கித ஆளு இல்ல, சனங்க ஓட்டுப் போட்டு எடுக்கணும், நம்ம முதலமைச்சர் மாதிரி. அந்த நாற்காலியில இவரு தாத்தா எலைஷா உக்காந்தாரு, அப்பா உக்காந்தாரு, இவரே ரெண்டு தடவ உக்காந்தாரு. இப்ப நாலாவது தலைமுறை. மக லிடியாவா, மகன் ப்ரெஸ்டனா? சனங்க ஓட்டுப் போடுதது அப்புறம். மொதல்ல இந்தச் சாப்பாட்டு மேசையில ஒரு தேர்தல் உண்டு. எலைஷா தாத்தா போட்டிருந்த கருப்புத் தொப்பிய மேசை நடுவுல கவுத்தாம மலத்தி வைப்பாங்க. போட்டியில நிக்கிறவங்களுக்குச் சீட்டு கிடையாது, மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒன்னு. தொப்பி வந்ததுலேருந்து கடிகாரம் ரெண்டு அடிக்கிற வரைக்கும், இருபது நிமிஷம், ஒருத்தரும் ஒரு வார்த்த பேசக்கூடாது. பேசுனா அவங்க ஓட்டு செல்லாது. அப்புறம் சீட்ட வாசிச்ச கையோட கணப்பு அடுப்புல போட்டுருவாங்க, யாரு யாருக்குப் போட்டான்னு எவனுக்கும் தெரியாது. மேசையச் சுத்தி ஏழு பேரு. பெரியவரு, அவரு தங்கச்சி கார்டீலியா அத்தை, ப்ரெஸ்டன், அவன் பொண்டாட்டி யூனிஸ், லிடியா, லிடியாவோட பத்தொம்பது வயசு மக ஆவுடை. ஏழாவது ஆளு நம்ம ஆளு. லிடியா புருஷன், பாளையங்கோட்டை இசக்கியப்பன். அந்த வீட்டுல இருபத்திரண்டு வருஷமா அவன் பேரு ஐசக்.

பேசாதேன்னு சொன்ன அந்த நிமிஷத்துலேருந்து இசக்கிக்குத் தொண்டையில ஒரு அரிப்பு. இவன வாய மூடச் சொல்லுதது தவளைய வெயில்ல வைக்கித மாதிரி. அவன் அங்கன அமந்து உக்காந்திருந்தாலும் உள்ளுக்குள்ள பெரியவரு மூக்கு பேசிக்கிட்டே இருக்கு, "உக்...காரு ஐசக், உக்...காரு", இவன் உதட்ட இறுக்கிப் பிடிச்சிருக்கான், எங்க அந்தக் குரலு வெளிய வந்துருமோன்னு. முன்னால ஆப்பிள் பை ஒரு துண்டு, மேல வச்ச க்ரீம் உருகி ஓரமா வழிஞ்சு, பாக்க சளி மாதிரி இருக்கு, ச்சே, என்ன நெனப்பு இது சாப்பாட்டு மேசையில. கையில துண்டுச்சீட்டு. பக்கத்துல ஒரு பென்சிலு, பின்பக்கம் யாரோ கடிச்சது, எலைஷா தாத்தா கடிச்சதாக்கூட இருக்கும், இந்த வீட்டுல எதத்தான் தூரப் போட்டிருக்காங்க. மேசைக்கு அடியில லிடியாவோட கை வந்து இவன் முட்டிய ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு. பயந்தா அவளுக்குக் கை சில்லுன்னு ஆகும், பிரசவத்தன்னைக்கும் இப்படித்தான். சரி, எண்ணிப் பாப்போம். ஓட்டு அஞ்சு. பெரியவரு ப்ரெஸ்டனுக்கு, அதுல சந்தேகமே இல்ல, ஆம்பளப் பிள்ளைன்னா அவருக்கு மூக்கு ஒரு சுத்து பெருத்துரும். கார்டீலியா அத்தை அண்ணன் எந்தப் பக்கம் தும்முதாரோ அந்தப் பக்கம் கைக்குட்டைய நீட்டுதவ, அதுவும் ப்ரெஸ்டனுக்கு. ஆவுடை அம்மாவுக்கு. யூனிஸ் புருஷனுக்கு. அவ வேற யாருக்குப் போடுவா? பதினெட்டு வருஷத்துல இந்த மேசையில அவ வாயிலேருந்து வந்ததெல்லாம் "அந்த உப்ப இப்படித் தாங்க", "எனக்குப் போதும்". அப்ப இவன் போடுததுக்கு முன்னாலயே ப்ரெஸ்டனுக்கு மூணு. முடிஞ்சு போச்சுல்ல? இவன் சீட்டு எந்தப் பக்கம் விழுந்தா என்ன? தோத்தவ தோத்தவதான். ஒரு ஓட்டுல தோத்தாலும் மூணு ஓட்டுல தோத்தாலும். அப்ப ப்ரெஸ்டன்னு எழுதுனா லிடியாவுக்கு என்ன நட்டம்? ஒரு நட்டமும் இல்ல. இத முந்தாநேத்துலேருந்து எத்தன தடவ எண்ணிட்டான், குளிக்கும்போது, பல்லு விளக்கும்போது, எண்ணி எண்ணி ஒவ்வொரு தடவையும் அதே மூணுதான் வருது, அப்புறமும் ஏன் எண்ணுதோம்னு மட்டும் அவன் கேக்கல.

முந்தாநேத்து ஏரியில, படகுல. ப்ரெஸ்டன் தூண்டில வீசிட்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சான், அந்தப் பல்லுக்கே தனியா ஒரு தொகுதி ஓட்டுப் போடும். "மச்சான்"ன்னான். இவன்தான் கல்யாணத்தப்ப வெளையாட்டா அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தான். இருபத்திரண்டு வருஷத்துல அவன் மச்சான்னு கூப்பிட்டது மூணே தடவ. மொத தடவ குடிச்சிட்டு எவன் வீட்டுத் தபால் பெட்டியிலயோ கார ஏத்திட்டு, "மச்சான், வண்டிய நீ ஓட்டுனேன்னு சொல்லிரு." இவனும் சொன்னான். ரெண்டாவது தடவ இவன் ஹைவேயில வச்சிருக்க மோட்டல்ல பின்பக்கத்து ரூம் ஒன்னு வேணும், பேரு எழுதக்கூடாது. "ஒரு மீட்டிங்கு மச்சான்." அந்த மீட்டிங்கு செவப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு வந்துச்சு, எல்லா வியாழக்கிழமையும் வந்துச்சு, ஒரு வருஷம். மூணாவதுதான் இது. "மச்சான், பதவி ஏக்கும்போது மாளிகைப் படியில குடும்பத்தோட போட்டோ எடுப்பாங்கல்ல? நீ என் பக்கத்துல நிக்கணும். எங்கப்பா ஒன்ன வெளிய நிக்க விட்டாரு, நான் விடமாட்டேன்." மனுஷன் எதுக்கு வழுக்குவான்னு யாருக்குத் தெரியும்? பெரியவரு ரெண்டாவது தடவ பதவி ஏத்தப்போ லிடியா புதுப் பொண்டாட்டி, இவன் பட்டு வேட்டி கட்டிட்டு, குளிருல தொட ரெண்டும் தடதடன்னு அடிக்க, படியேறப் போனான். பெரியவரு மூக்கச் சிந்திட்டு, "ஐசக், ஒனக்குத்தான் கை ஆடாது, நீ எடு"ன்னு கேமராவ நீட்டிட்டாரு. கை ஆடாதாம். ஒடம்பே ஆடிக்கிட்டிருக்கு. அன்னையிலேருந்து கிறிஸ்துமஸ், கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் இவன்தான் கேமராக்காரன். அந்தச் சுவர் பூரா போட்டோ தொங்குது பாருங்க, ஒன்னுல இவன் உண்டா? ஆவுடை ஆறு வயசுல கேட்டா, "நீங்க அப்ப பொறக்கலையாப்பா?" எல்லாரும் சிரிச்சாங்க. இவனும் சிரிச்சான். சத்தமா.

ஏன், லிடியா ஜெயிச்சா படியில நிக்க முடியாதா? நிக்கலாம். கவர்னரம்மாவுக்குப் பின்னால, அவ கைப்பையப் பிடிச்சிக்கிட்டு. "இது என் வீட்டுக்காரரு, பணக்காரங்க வந்திருக்கும்போது கொரலு மாத்திப் பேசாதீங்கன்னு சொல்லியிருக்கேன்." போன மாசம் அப்படித்தான் சொன்னா, மெதுவாத்தான் சொன்னா, சொல்லும்போது இவன் டைய சரிபண்ணிவிட்டா. அந்தக் கொரலுக்காகத்தானடி என்னைக் கட்டுன! தலைநகரத்துல ஓட்டல்ல பந்தி கவனிக்கிற வேலையில இருந்தான், பெரியவரு தேர்தல் விருந்து, சமையக்கட்டுக்குள்ள நின்னு தட்டு அடுக்கிக்கிட்டே அவர மாதிரி, "அன்பான... வாக்...காளர்களே, எனக்குச் சூப்பு... ஆறிருச்சு"ன்னு போட்டான் பாருங்க. தட்டு கழுவுத பயலுவ எல்லாம் சிரிக்கானுவ, திடீர்னு சிரிப்பு நின்னுருச்சு. திரும்புனா வாசல்ல மஞ்சக் கவுன்ல ஒருத்தி. கவர்னரு மக. வேல போச்சுன்னு நெனச்சான். அவ வயித்தப் பிடிச்சிக்கிட்டுத் தரையிலயே உக்காந்துட்டா, கண்ணுல தண்ணி. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ." அவ்வளவு சிரிச்சவ. இப்ப ஒரு மாசமா குளியலறையில கதவச் சாத்திட்டு மேடைப் பேச்சு பழகுதா. "எங்க கொள்ளுத்தாத்தா காட்ட வெட்டுனாரு, நான் நடுவேன்." ஒன்பது வயசுலேருந்து அவ மனசுல இருந்த பேச்சு அது, இவன்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கா. வார்த்தைக்கு நடுவுல மூச்சு பிடிக்கா, "நடு...வேன்"கிறப்போ கொரலு கீச்சுன்னு ஒடையும். இவன் கதவுக்கு வெளிய நின்னு கேட்டான். கேட்டத எங்க கொண்டு போட்டான்? படகுல. ப்ரெஸ்டன் முன்னால. துண்டக் கவுனு மாதிரி இடுப்புல சுத்திக்கிட்டு, "நடு...வேன்!" ப்ரெஸ்டன் சிரிச்ச சிரிப்புல மீனு எல்லாம் அக்கரைக்குப் போயிருச்சு. நிறுத்தியிருக்கலாம். ரெண்டாவது தடவையும் செஞ்சான். சிரிக்கிற ஆளக் கண்டா இவனுக்கு நிறுத்தத் தெரியாது, அது ஒரு சொரி, சொரியச் சொரிய ரத்தம் வந்தாலும் சுகமா இருக்கும்.

இங்கனதான் நெனப்பு முள்ளுல மாட்டும். எதுல தொடங்குனாலும் இங்க வந்து மாட்டும். இந்த மேசைதான். அங்க, கார்டீலியா அத்தை இப்ப பட்டம் அறுந்த சரடு மாதிரி கழுத்தத் தொங்கப் போட்டு எழுதுதாளே, அந்த நாற்காலியிலதான் அப்பா உக்காந்திருந்தாரு. பலவேசம், திருநெல்வேலி ஜங்ஷன்ல முப்பத்தோரு வருஷம் கண்டக்டரு. ரெண்டு மாசம் மகன் வீட்டுல இருந்துட்டுப் போக வந்தாரு. ஸ்வெட்டர உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுட்டு, ஸ்பூன எந்தக் கையில பிடிக்கன்னு ஒவ்வொருத்தர் கையா பாத்துக்கிட்டிருந்தாரு. பெரியவரு கேட்டாரு, "ஐசக், ஒங்க அப்பா எப்படிப் பேசுவாரு? செஞ்சு காட்டு." செய்யக்கூடாது. எவனா இருந்தாலும் செய்யமாட்டான். இவன் எந்திரிச்சே நின்னுட்டான். அப்பாவுக்கு முன்பல்லு ரெண்டு கெடையாது, சானா வந்தா விசில் அடிக்கும். "உள்ள போங்க சார், சில்லறை இருக்கா சார், ஸ்ஸ்டாப்பிங்கு சார்!" கழுத்த முன்னால நீட்டி, கையத் தலைக்கு மேல கம்பியப் பிடிச்ச மாதிரி வச்சிக்கிட்டு. மேசையே குலுங்குச்சு. பெரியவரு மூக்குலேருந்து ஒயினு வந்துருச்சு. அப்பாவும் சிரிச்சாரு, எல்லாரும் சிரிக்காங்களேன்னு. கார்ல வரும்போது, "எதுக்குல அவ்வளவு சிரிச்சாங்க?"ன்னு கேட்டாரு. "ஒங்கள எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சுப்பா." "நல்ல மனுசங்கடா"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஊருக்குப் போற வரைக்கும் அவரு பேசும்போதெல்லாம் வாய்க்கு முன்னால கைய வச்சிக்கிட்டாரு. வீட்டுக்குள்ளயும். ஆவுடைகிட்ட பேசும்போதும். ஃபோன்ல பேசும்போதும். குளிரு, அதனாலதான்னு இவன் நெனச்சான். மே மாசத்துல என்ன குளிரு? விமானத்துல ஏறும்போதும் கைய எடுக்கல, அந்தக் கைக்குப் பின்னாலேருந்துதான் "வாரேன்ல"ன்னாரு. வரல. அடுத்த வருசம் போயிச் சேந்துட்டாரு. குளிருதான். குளிராத்தான் இருக்கும். சரி, எழுது. எழுது, மணி என்ன?

ஒன்னு அம்பத்திரண்டு. ஆவுடை போட்டுட்டா, சீட்ட நாலா மடிச்சு, அம்மாவப் பாத்து ஒரு சின்னச் சிரிப்பு. அத்தை போட்டுட்டா. பெரியவரு எந்திரிச்சு, ஏதோ குழந்தையத் தொட்டில்ல போடுத மாதிரி போட்டாரு. யூனிஸ் குனிஞ்சே இருக்கா, எழுதுதாளா பைய நோண்டுதாளான்னு தெரியல, நெத்தியில ஒரு முடி விழுந்து கெடக்கு, அத ஒதுக்கக்கூட இல்ல. இவளுக்கு வியாழக்கிழமை தெரியுமா? தெரியாது. தெரிஞ்சா ஒரு பொம்பள பதினெட்டு வருஷம் உப்புக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாளா? ஒரு தடவ மட்டும் மோட்டலுக்கு வந்தா, ஒரு கேக்கு டப்பாவ வச்சிட்டு, "ப்ரெஸ்டன் வந்தா குடுங்க"ன்னா. அது தற்செயலு. வியாழக்கிழமையா அது? என்ன கிழமையா இருந்தா என்ன. பென்சிலு வேர்த்த கையில வழுக்குது. 'லி'ன்னு தொடங்கு, கை தொடங்கிரும், மிச்சத்த அதுவே எழுதிரும். லிடியா முட்டி இவன் முட்டியில படுது. அவ சாம்பக் கலருல புதுக் கோட்டு வாங்கி அலமாரியில மாட்டி வச்சிருக்கா, விலைச்சீட்டக்கூடக் கிழிக்கல, தோத்தா திருப்பிக் குடுத்துரலாம்னு. அத ஏன் இப்ப நெனைக்கணும்? எப்படியும் மூணு. எப்படியும் மூணு வே! ப்ரெஸ்டன் எதித்தாப்புலேருந்து ஒரு கண்ண மட்டும் லேசா மூடித் திறந்தான், மச்சான்னு சொல்லாமச் சொன்னான். இவன் கை எழுதிருச்சு. இங்கிலீஷ்ல ஏழு எழுத்து அந்தப் பேருல, ஒவ்வொன்னும் பெரிய எழுத்தா, பள்ளிக்கூடத்துப் பிள்ள எழுதுன மாதிரி, கையெழுத்து தெரியக்கூடாதுல்ல. மடிச்சான். போட்டான். தொப்பிக்குள்ள விழுந்த சத்தமே கேக்கல, ஒரு காகிதத்துண்டுக்கு என்ன சத்தம் இருக்கும். போட்ட அடுத்த நிமிஷம் கை மறுபடியும் தொப்பிய நோக்கிப் போகப் பாக்குது. திரும்ப எடுத்தா என்ன பண்ணுவாங்க? பேசாதேன்னுதான் சட்டம், எடுக்காதேன்னு சட்டம் இல்லியே. ஆனா எழுந்து கைய விட்டா எதுன்னு தேட? கடைசியா யூனிஸ் கை வந்துச்சு, ஒரு குருவி வந்து கொத்திட்டுப் போன மாதிரி. இப்ப லிடியா கையும் முட்டியில இல்ல. ரெண்டு கையையும் மேசை மேல கோத்து வச்சிருக்கா, சாமி கும்பிடுத மாதிரி. இவனுக்குக் காலு மரத்துப் போச்சு. அசைச்சா ஊசி குத்தும், அசைக்காட்டி அது தன் காலே இல்ல.

டாங். டாங். கார்டீலியா அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டா, தொப்பிக்குள்ள கைய விட்டா. "ப்ரெஸ்டன்." அடுப்புல போட்டா, சுருண்டு போச்சு. சரி. "லிடியா." சரி, அது ஆவுடை. "ப்ரெஸ்டன்." ரெண்டு. இன்னும் ரெண்டு சீட்டு கெடக்கு, யூனிஸோடதும் இன்னொன்னும், எல்லாம் ப்ரெஸ்டன்தான், நாலுக்கு ஒன்னு, லிடியா இன்னைக்கு ராத்திரி அழுவா, நாளைக்குச் சரியாயிருவா. அத்தை அடுத்தத விரிச்சா. கண்ணாடியக் கழத்தித் தொடச்சு மறுபடியும் போட்டா. "லிடியா." என்னது? லிடியா வாயத் தொறந்துட்டா. ரெண்டுக்கு ரெண்டு. இசக்கி மறுபடியும் எண்ணுதான், பெரியவரு, அத்தை, ஆவுடை, அப்புறம், அப்புறம், எண்ணிக்கை இப்பத்தான் மொத தடவையா வேற மாதிரி வருது. யூனிஸ். அந்த உப்புக்காரி. அப்ப மூணு இல்ல. மூணா இருந்ததே இல்ல. ரெண்டுதான் இருந்துச்சு, மூணாவதா ஆக்குனது யாரு? கடைசிச் சீட்டு அத்தை விரல்ல இருக்கு. அத விரிக்கவே வேண்டாம். அதுல என்ன இருக்குன்னு இந்த மேசையில ஒருத்தனுக்கு மட்டும் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ள எழுத்துல. ஒரு எட்டு எட்டி அதப் பிடுங்கி வாயில போட்டு மென்னுரலாமா? காலு மரத்துக் கெடக்கு. "ப்ரெஸ்டன்"ன்னா அத்தை. அடுப்பு அதையும் தின்னுருச்சு.

பெரியவரு, "இனிப்... பேசலாம்"ன்னாரு. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாங்க. ப்ரெஸ்டன் எந்திரிச்சு அப்பாவக் கட்டிப்பிடிச்சான், அத்தை அழுதா.  லிடியா இசக்கி கையப் பிடிச்சா, ரெண்டு கையாலயும், பனிக்கட்டி மாதிரி.

"ஒரு ஓட்டுதாங்க," அப்படின்னா. "பரவால்ல. நீங்களும் ஆவுடையும் எனக்குப் போட்டீங்கல்ல. அது போதும் எனக்கு."

அவனுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. ஆமால்ல! யாருக்குத் தெரியும்? சீட்டெல்லாம் சாம்பலு. ரெண்டு ஓட்டுன்னா அது புருஷன், மக. இந்த உலகத்துல எவனும் அப்படித்தான் எண்ணுவான். பேசாம இருந்திருந்தா அதோட போயிருக்கும் வே. ஆனா இருபது நிமிஷம் அடைச்சு வச்ச வாயி. பெரியவரு மூக்க எடுத்துப் போட்டுக்கிட்டான், "அன்பான... வாக்...காளர்களே, என் பொண்டாட்டி... ஆறிப்போன சூப்பு"ன்னான், லிடியாவே அழுகைக்கு நடுவுல லேசா சிரிச்சுட்டா. சிரிப்பக் கண்டுட்டானா, நிக்குமா? மேசைக்கு அந்தப் பக்கம் திரும்புனான்.

"ஏம்மா யூனிஸ், தங்கச்சி! ஒரே ஒரு சீட்டும்மா. ஒன் கை கொஞ்சம் வழுக்கியிருந்தா எம் பொண்டாட்டி கவர்னரு. இவ்வளவு நல்ல பொண்டாட்டியா ஒருத்தி இருக்கலாமா?"

மேசையே சிரிச்சுச்சு. ப்ரெஸ்டன் பொண்டாட்டி தோள்ல கையப் போட்டு, "என் யூனிஸ்!"ன்னான்.

யூனிஸ் அந்தக் கைய எடுத்து மேசை மேல வச்சா. ஸ்பூனக் கீழ வச்சா.

"நான் லிடியாவுக்குத்தான் போட்டேன் அண்ணே. அவங்களுக்கு விழுந்த ரெண்டுல ஒன்னு என்னுது. இன்னொன்னு ஒங்களுதா, ஒங்க மகளுதா?"